பால்மா ரின், அல்பம், பிஸ்கட் ரின்: மானிப்பாய் வீடொன்றின் நாணயச் சேகரிப்பு

இந்தக் காசுகளைச் சேர்த்தவர் 1912 இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர். அங்கே எஃப்.எம்.எஸ். (கூட்டு மலாய் மாநிலங்கள்) ரயில்வேயில் கிளாக்கராக இருந்து, 1947 இல் மானிப்பாய்க்குத் திரும்பினார். இப்படிப்பட்டவர்களை நாங்கள் மலாயன் பென்சனியர் என்போம். அவர்கள் அனுப்பிய காசில் எழும்பிய கல்வீடுகள் வலிகாமத்தில் இன்னும் ஊருக்கு ஊர் நிற்கின்றன. இவர் வீட்டோடு சேர்த்துக் காசுகளையும் விட்டுப்போனார். வீட்டில் இப்போது இருப்பது அவருடைய கடைசி மருமகளும் உயர்தரம் படிக்கும் ஒரு பேரனும். மற்றப் பிள்ளைகளின் குடும்பங்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கின்றன.

நான் முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன். காசு பற்றிய ஆர்வம் சின்ன வயதிலிருந்தே உண்டு. போன வருடம் வைகாசியில் அந்த மருமகள், நான் மாமி என்று கூப்பிடுபவ, ஆள் அனுப்பிக் கூப்பிட்டா. "மாஸ்ரர், பிள்ளையள் கனடாவிலையிருந்து கேக்கினம், உது எவ்வளவு போகும் எண்டு. வித்துப் பிரிக்கிறதோ, இல்லாட்டி வைச்சிருக்கிறதோ? ஒருக்கா வந்து பாருங்கோ." பார்க்கப் போனவன் ஐந்து மாதம் அந்த வீட்டு விறாந்தையில் இருந்தேன்.

மூன்று இடம், மூன்று விதி

மொத்தம் 386 காசுகள். அவை மூன்று இடத்தில் இருந்தன. ஏன் மூன்று இடம் என்பதற்கு 1995 தான் காரணம்.

அந்த வருடம் ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கமாக நடந்தது. போகுமுன் மாமியின் கணவர் செப்புக் காசுகளைப் பால்மா ரின் ஒன்றில் போட்டு, பொலித்தீனால் சுற்றி, மாட்டுக்கொட்டில் மூலையில் தாட்டார். வெள்ளிக் காசுகளைச் சீலைப் பையில் கட்டி மாமி மடியில் கிளிநொச்சிவரை கொண்டுபோனா. மிச்சம் இருந்த சின்னச் சின்னப் பிறநாட்டுக் காசுகள், பெறுமதி இல்லை என்று, பிஸ்கட் ரின்னோடு பரணிலேயே விடப்பட்டன.

அடுத்த வருடம் திரும்பி வந்து தோண்டியபோது பால்மா ரின் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. மாட்டுக்கொட்டில் மண்ணைவிட மோசமான இடம் செம்புக்குக் கிடையாது. மாட்டு மூத்திரத்தில் உப்பும் உண்டு, அமோனியாவும் உண்டு. இரண்டும் செம்பைத் தின்னும். அதற்கு மேல் ஒரு மாரி மழை. 121 காசுகளும் பச்சைக் கட்டியாக ஒட்டிப்போய்க் கிடந்தனவாம். அப்போது அவற்றைச் சுத்தியலால் தட்டிப் பிரித்திருக்கிறார்கள்.

வெள்ளிக் காசுகள் 58. அவை மண்ணைக் காணவில்லை, ஆனால் புளியைக் கண்டன. குத்துவிளக்கு மினுக்குவதுபோல வருடப்பிறப்புக்கு வருடப்பிறப்பு புளியும் சாம்பலும் போட்டு மினுக்கியிருக்கிறார்கள். புளியின் அமிலம் வெள்ளியோடு கலந்திருக்கும் செம்பை அரிக்கும்; சாம்பல் மேற்பரப்பைக் கீறும். பிறகு யாரோ அன்பாக வாங்கிக் கொடுத்த பிளாஸ்ரிக் அல்பத்தில் அவை அடுக்கப்பட்டன. அந்த அல்பம் புளியைவிடக் கெடுதல் செய்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெறுமதி இல்லை என்று விட்டுப்போன பிஸ்கட் ரின் தான் அப்படியே இருந்தது. 207 காசுகள், ஒவ்வொன்றும் ஒரு துண்டுத் தாளில் சுற்றப்பட்டு. ரயில்வே படிவங்களின் பின்பக்கம், கலண்டர்த் தாள், ஊர் திரும்பிய பிறகு சுற்றியவற்றில் ஈழகேசரிப் பத்திரிகைத் துண்டுகள். பல தாள்களில் பென்சிலால் அவருடைய எழுத்து: "தைப்பிங், கந்தோர்ப் பியோன் தந்தது." "பினாங்கு, செட்டியார் கடை மிச்சக்காசு." கொப்பி எதிலும் அவர் இவற்றை எழுதி வைக்கவில்லை. இந்தத் துண்டுகள்தான் பதிவு.

என் பிழை

முதல் நாள் நான் ஒரு பிழை விட்டேன். எதையும் தொடுமுன் படம் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தம்பியிடம், அந்தப் பேரனிடம், அதைச் சொல்லாமல் போனில் கதைக்க வெளியே போய்விட்டேன். அவன் உதவி செய்வதாக நினைத்து, பிஸ்கட் ரின்னில் 43 சுற்றுக்களைப் பிரித்துக் காசுகளை ஒரு தட்டிலும் தாள்களை ஒரு பக்கமும் வைத்திருந்தான். அவனில் குற்றம் இல்லை. சொல்லாமல் போனது நான்.

மாமி தாள்களை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னா: "உது மாமான்ர கையெழுத்தெல்லோ. எறிஞ்சு போடாதையுங்கோ."

அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்தோம். சுற்றியபடியே ஒரு படம், பிரித்துத் தாளையும் காசையும் பக்கத்தில் வைத்து ஒரு படம், பிறகுதான் எண். தாளுக்கும் காசுக்கும் ஒரே எண். பத்திரிகைத் தாளில் அமிலம் இருப்பதால் காசைத் திரும்ப அதில் சுற்ற முடியாது. அதனால் தாள்கள் தனி உறையில், காசுகள் தனி உறையில். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது அந்த எண் மட்டும்தான்.

பிரிந்துபோன 43 தாள்களையும் சோடி சேர்க்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் அதில்தான் நான் அதிகம் கற்றேன். எழுபது எண்பது வருடம் ஒரு காசு தாளுக்குள் இருந்தால் தன் அடையாளத்தை விட்டுத்தான் போகும். ரோச் லைற்றைச் சரித்துப் பிடித்தால் அழுத்தத்தின் விளிம்பு நிழலாகத் தெரியும். வெண்கலக் காசு மண்ணிறக் கறை விடும், நிக்கல் கலந்த காசு கறையே விடாது. மலாயாவில் 1919 முதல் வந்த ஒரு சதம் சதுரமானது, மூலைகள் மட்டும் மழுங்கியவை. அது தாளில் சதுரக் கறையாக இருந்தது. 1939 தொடங்கி மலாயா நாணய ஆணையாளர் பெயரில் வந்த சதங்களும் சதுரம்தான், ஆனால் 1943 இலும் 1945 இலும் அடித்தவை சற்றுச் சிறியவை. வேர்னியரால் கறையை அளந்தே அவற்றைப் பிரித்தோம். சயாமின் சத்தாங், ஒல்லாந்த இந்தியத் தீவுகளின் 5 சதம், சரவாக்கில் 1890களில் அடித்த ஒரு சதம் ஆகியவற்றுக்கு நடுவில் துளை உண்டு. தாளில் நடுவில் கறையோ அழுத்தமோ இல்லாத ஒரு பொட்டு. இப்படி 29 சோடி சேர்ந்தன. 14 சேரவில்லை.

அல்பமும் பச்சைப் பிசினும்

வெள்ளிக் காசுகளின் விளிம்பில் பச்சையாக ஒட்டும் ஒரு பிசின் இருந்தது. மாமி அதைக் களிம்பு என்று நினைத்துத்தான் மறுபடி மறுபடி மினுக்கியிருக்கிறா. அது களிம்பு அல்ல. அல்பத்தின் பைகள் பி.வி.சி.யால் ஆனவை. பி.வி.சி.யை வளையச் செய்வதற்குச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் எங்கள் வெக்கைக்கு மெல்ல வெளியே கசியும். பிளாஸ்ரிக் உடைய உடைய ஐதரோகுளோரிக் அமிலமும் வரும். வெள்ளிக் காசில் கலந்திருக்கும் செம்பை அந்த அமிலம் பிடிக்க, பச்சை நிறம் வருகிறது.

பை என்ன பிளாஸ்ரிக் என்று அறிய ஒரு பழைய சோதனை உண்டு. செப்புக் கம்பியை நெருப்பில் நிறமில்லாமல் வரும்வரை சுட்டு, பிளாஸ்ரிக்கில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டினால், குளோரீன் இருந்தால் சுவாலை பச்சையாக எரியும். முற்றத்தில், காற்று வரும் பக்கமாக நின்று செய்தோம். புகை கூடாது. அந்த அல்பப் பை வயல் பச்சையாக எரிந்தது. தம்பிக்கு அந்த ஒரு நிமிடத்தில் இரசாயனவியல் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிசினை எடுக்க அசற்றோன் போதும். அது தூய அசற்றோனாக இருக்க வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசை ஊறவிட்டு, எடுத்து, துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். அசற்றோன் உலோகத்தைத் தொடாது, பிசினை மட்டும் கரைக்கும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. மூன்று முறை மாற்றியதும் பச்சை போனது. புளியும் சாம்பலும் கீறிய கீறல் போகவில்லை, இனியும் போகாது. வெள்ளியின் மேல் மெல்லப் படிந்து நீலமும் சாம்பலுமாக நிற்கும் அந்தப் பழைய நிறம்தான் அதற்குப் போர்வை. அதை உரித்துவிட்டால் காசு புதிதாகத் தெரியும், ஆனால் உண்மையில் அது காயப்பட்ட காசு. இதை எந்த வீட்டில் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூன்று அளவு டொலர்

மாமிக்கு ஒரு கவலை இருந்தது. நீரிணைக் குடியேற்ற (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) டொலர்கள் மூன்று அளவில் இருந்தன. சின்னது கள்ளக்காசோ என்று. தராசில் வைத்தோம். நகைக்கடைக்காரர் பாவிப்பதுபோல நூறில் ஒரு கிராம் காட்டும் சின்ன மின்தராசு.

1903 ஆம் ஆண்டு டொலர் கிட்டத்தட்ட 26.9 கிராம். 1907 ஆம் ஆண்டுடையது 20 கிராமுக்குச் சற்று மேல். 1920 ஆம் ஆண்டுடையது 16.8. மூன்றும் நல்ல காசு. 1903 இல் டொலர் வந்தபோது அது 900 மாற்று வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. பிறகு உலகச் சந்தையில் வெள்ளி விலை ஏற ஏற, டொலரை உருக்கி விற்றால் அதன் முகப்பெறுமதியைவிட அதிகம் கிடைக்கும் நிலை வந்தது. அப்படி நடந்தால் புழக்கத்தில் காசே இருக்காது. அதனால் 1907 இல் எடையைக் குறைத்தார்கள். முதலாம் உலகப்போரோடு வெள்ளி மறுபடி ஏற, 1919 இலிருந்து எடையும் குறைந்தது, மாற்றும் 500 ஆனது. டொலர் படிப்படியாகச் சின்னதாகிப் போனதை இந்த மூன்று காசும் காட்டுகின்றன; கடைசிக் குறைப்பு இந்தக் கிளாக்கரின் சேவைக்காலத்திலேயே, அவர் கண்முன்னே நடந்தது. அவர் மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாக வைத்திருந்ததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

கள்ளக்காசு வேறு இடத்தில் இருந்தது. பிரெஞ்சு இந்தோசீனப் பியாஸ்தர் இரண்டு. அந்தக் காசு தன் எடையைத் தன் மேலேயே எழுதி வைத்திருக்கிறது: மாற்று 0.900, எடை 27 கிராம். ஒன்று 26.9 காட்டியது, புழக்கத் தேய்வு. மற்றது 23.8. எழுத்தின் விளிம்புகளும் மெழுகில் அழுத்தியதுபோல மழுங்கியிருந்தன. அதைக் கொப்பியில் போலி என்றே எழுதினோம், எறியவில்லை. போலியும் அந்தக் காலத்துப் புழக்கத்தின் ஒரு பகுதி.

பிரிட்டிஷ் வர்த்தக டொலர் ஒன்றில் சின்னச் சின்னச் சீன எழுத்துக்கள் குத்தியிருந்தன. யாரோ பழுதாக்கிவிட்டார்கள் என்று வீட்டில் நினைத்தார்கள். அது சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்து, நல்லது என்று குத்திய முத்திரை. அதன் திரிசூலத்தின் நடு முனையில் உற்றுப் பார்த்தால் பம்பாய் நாணயச்சாலையின் பி எழுத்து இருக்கிறது. பம்பாயில் அடித்து, மலாயாவில் புழங்கி, சீனக் கடையில் குத்துப்பட்டு, ஒருவர் மடியில் கிளிநொச்சிக்குப் போய் மானிப்பாய்க்குத் திரும்பிய காசு. இதைவிட நான் என்ன எழுத?

பச்சைத் தூள்

செப்புக் காசுகளில்தான் எனக்குப் பயம் இருந்தது. பச்சை எல்லாம் ஒன்றல்ல. கரும்பச்சையாய், இறுகி, மினுமினுப்பாய் இருக்கும் பச்சை காசைக் காக்கும். அதை விட்டுவிட வேண்டும். வெளிறிய பச்சையாய், மாத்தூள்போல் ஈர்க்கு நுனியில் ஒட்டி வருவதுதான் நோய். மண்ணின் உப்பு செம்போடு சேர்ந்து செப்புக் குளோரைட்டாக உள்ளே தங்கிவிடும். காற்றின் ஈரம் பட்டதும் அது பச்சைத் தூளாகி, கூடவே அமிலத்தையும் விடும். அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைட்டாகும். ஈரம் இருக்கும்வரை இந்தச் சுற்று நிற்காது. எங்கள் ஊரில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஈரமானியை அறையில் வைத்தபோது பெரும்பாலான நாள் 70 சதவீதத்துக்கு மேல்தான் காட்டியது. செம்புக்கு 40 க்குக் கீழ் வேண்டும்.

121 இல் 17 காசுகளுக்கு இந்த நோய் இருந்தது. தூளை ஈர்க்கு நுனியால், உருப்பெருக்கிக்குக் கீழே, மெல்ல எடுத்தோம். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்தோம். கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணக்கல்லில் ஊறுவது; கேத்தில் அடியில் படிகிற வெள்ளைப் பொருக்கு காசிலும் படியும், உப்பு வேறு. தம்பி நம்பாதபடியால் சோதித்துக் காட்டினேன். கொஞ்சம் நைத்திரிக் அமிலம் விட்டு, வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட்டால், குளோரைட்டு இருந்தால் நீர் பால்போல் கலங்கும். கிணற்று நீர் உடனே கலங்கியது. வடித்த நீர் தெளிவாக நின்றது.

இதே சோதனைதான் எங்களுக்கு வழிகாட்டி. ஒவ்வொரு கிழமையும் ஊறிய நீரில் கொஞ்சம் எடுத்துப் பார்ப்போம். முதல் கிழமை பால். ஏழாம் கிழமையில் பெரும்பாலானவற்றில் ஒரு மெல்லிய புகை மட்டும். பதினோராம் கிழமையில் 14 காசுகளின் நீர் தெளிந்தது. அசற்றோனில் முக்கி ஈரத்தை எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வைத்தோம். மிச்சம் மூன்றும் இன்னும் தனி டப்பாவில் இருக்கின்றன. அதில் ஒன்று புரட்டாதியில் மறுபடி பூத்தது. அதை எடுத்துத் திரும்பவும் நீரில் போட்டிருக்கிறோம்.

இந்த 121 இல் என்ன இருந்தன என்பது பச்சை தெளிந்த பிறகுதான் தெரிந்தது. ஒல்லாந்தர் கம்பனியின் முத்திரை போட்ட டொயிட்டுகள் நிறைய. நாம் சொல்லும் துட்டு அதிலிருந்து வந்த சொல்தான். ஒல்லாந்தர் இங்கேயே அடித்த தடித்த ஸ்ரைவர்கள் நான்கு. இரண்டில் கம்பனி முத்திரைக்கு மேலே கொழும்பைக் குறிக்கும் சி, இரண்டில் யாழ்ப்பாணத்தைக் குறிக்கும் ஐ. யானை போட்ட 1815 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் காசுகள். 1870 ஆம் ஆண்டிட்ட, மரம் போட்ட சதங்கள். அப்புறம் ஒன்பது சேதுக் காசுகள்.

சேதுக் காசை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நிற்கிற உருவம், கோடு கோடாக. மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே தமிழில் சேது. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு. 1619 இல் போர்த்துக்கேயரிடம் போன இராச்சியம் தன் கையால் அடித்தது. ஒன்பதில் ஆறில் "சே" நன்றாகத் தெரிகிறது, மூன்றில் நந்தியின் முதுகு மட்டும்தான். அன்றைக்கு மாமி அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் வாசித்தா. எழுத்து ஒன்றுதான், ஆனால் தமிழ்.

கொப்பி

பதிவை முதலில் மட்டை கட்டிய கொப்பியில் எழுதினோம், பிறகு கணினியில். கரண்ட் இல்லாவிட்டாலும் கொப்பி திறக்கும். எண், நாடு, பெறுமதி, ஆண்டு, உலோகம், எடை, விட்டம், தலை, பூ, நிலை, தாளில் என்ன எழுதியிருந்தது, எங்கே இருந்தது, நாங்கள் என்ன செய்தோம். கடைசி மூன்றையும் பலர் எழுதுவதில்லை. எடையைத் தவற விட்டால் மறுபடி நிறுக்கலாம், இந்த மூன்றையும் விட்டால் யாரிடம் கேட்பது?

தலை, பூ என்றே எழுதினோம். பிள்ளைகள் சுண்டிப்போட்டுக் கேட்கிற அதே சொல். தலையை நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பும்போது பூ நேராக வந்தால் 12 என்றும், தலைகீழாக வந்தால் 6 என்றும் குறித்தோம். பியாஸ்தர் 6.

ஆண்டுதான் தம்பியின் வேலை. சயாமியக் காசில் 2456 என்றிருந்தால் புத்த ஆண்டு, 543 கழித்தால் 1913. அதே சயாமில் அதற்கு முந்திய காசில் 127 என்று இருந்தது. அது இரத்தினகோசின் ஆண்டு, 1781 கூட்டினால் 1908. திரெங்கானுவின் வெள்ளீயக் காசில் ஹிஜ்ரி 1325. சந்திர வருடம் 354 நாள் என்பதால் நேரே கழிக்க முடியாது. அது 1907 இல் தொடங்குகிறது. கொப்பியில் காசில் உள்ளபடி ஒன்றும், கணித்தபடி ஒன்றுமாக இரண்டு ஆண்டும் எழுதினோம்.

காசுகள் இப்போது பி.வி.சி. இல்லாத மைலார் உறைகளில் இருக்கின்றன. றப்பர் பான்ட் எதிலும் இல்லை. றப்பரின் கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் எடுத்துச் சூடாக்கிக் காயவைக்க வேண்டும். அது மாமியின் பொறுப்பு. வாடைக்காற்றுத் தொடங்கி மார்கழி முடியும்வரை இரண்டு கிழமைக்கு ஒருக்கா, மற்றக் காலத்தில் மாதம் ஒருக்கா.

பிரிப்பது பற்றிய கதைக்கு வருகிறேன். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. சேதுக் காசையும் ஒல்லாந்தர் காசையும் பயணப் பையில் போட்டு ரொறன்ரோவுக்கு அனுப்பும் யோசனை அதோடு நின்றது. மிச்சத்தைப் பங்கு போடலாம்தான். ஆனால் விலை எவ்வளவு என்று கேட்டவர்களுக்கு நான் உள்ளதைச் சொன்னேன்: சதுரச் சதங்கள் மலிந்தவை, மினுக்கிய டொலர்கள் பாதி மதிப்பை இழந்தவை, தாளோடு சேர்ந்து ஒரே இடத்தில் இருக்கும்போதுதான் இவை ஒரு மனிதரின் முப்பத்தைந்து வருடம். 1981 இல் நூலகம் எரிந்த ஊரில், பிரதி இல்லாத எதையும் நம்பி இருக்கக் கூடாது என்பதால் படங்களையும் பதிவையும் மூன்று குடும்பத்துக்கும் அனுப்பினோம். காசுகள் மானிப்பாயில் இருக்கட்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

சோடி சேராத 14 தாள்களில் ஒன்றில் "மூத்தவளுக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அந்த மூத்த மகளின் பிள்ளைகள்தான் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். தாளில் 23 மில்லிமீற்றர் வட்டம், துளை இல்லை, மங்கலான மண்ணிறக் கறை. தட்டில் அந்த அளவில் மூன்று வெண்கலக் காசுகள் இருந்தன. எது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. மூன்றையும் அந்தத் தாளையும் ஒரே உறையில் வைத்து, வெளியே "மூன்றில் ஒன்று" என்று எழுதி, கீழே நானும் தம்பியும் கையெழுத்து வைத்திருக்கிறோம்.